கல்வி தேடி வீட்டைப் பிரியும் பிள்ளைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். நஹ்மதுஹூ வநுஸல்லீ அலா ரஸூலிஹில் கரீம். அம்மா பஃது.

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. புதிய கூரைக்கும், ஒளூச் செய்யும் தொட்டிக்கும் ஆன செலவுகளைக் கேட்டீர்கள். அக்கணக்கில் இடம் பெறாத ஒரு செலவைப் பற்றிப் பேச நிர்வாகத்தினர் நமக்குச் சிறிது நேரம் ஒதுக்கித் தந்துள்ளனர். நம் பிள்ளைகள் கல்விக்காக வீட்டைப் பிரிந்து விடுதிகளில் தங்கும்போது அவர்கள் உள்ளம் செலுத்தும் விலையே அது.

இவ்வாண்டு மூன்று குடும்பத்தினர் இது குறித்து நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். எட்டு வயது மகனைத் தொலைவிலுள்ள ஹிஃப்ளு மதரஸாவில் சேர்க்க விரும்பினார் ஒருவர். வளைகுடா நாட்டில் உழைக்கும் மற்றொருவர், இங்கே மகன் சொல் கேட்பதில்லை என்பதால், மலைப்பகுதியிலுள்ள பன்னாட்டு உறைவிடப் பள்ளியில் அவனைச் சேர்த்துவிடக் கருதினார். மூன்றாவது, பத்தாம் வகுப்பில் சிறப்பாகத் தேறிய ஒரு மாணவியின் பெற்றோர். பல நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்து பயிலும் உறைவிடக் கல்லூரி ஒன்றில், பிற மாநிலத்தில், உதவித்தொகையுடன் அம்மாணவிக்கு இடம் கிடைத்திருந்தது. தந்தைக்கு மகிழ்ச்சி. தாயாருக்கோ உறக்கம் போய்விட்டது. அந்தத் தாயார் நம்மிடம் மார்க்கச் சட்டம் எதையும் கேட்கவில்லை. “ஹஜ்ரத், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது யார்?” என்று மட்டும் கேட்டார்.

கண்ணியமிக்கவர்களே! இன்றைய நம் பேச்சு முழுவதும் அந்த ஒரு வினாவைச் சுற்றியே அமையும்.

பன்னாட்டு உறைவிடப் பள்ளி என்பது யாது?

முதலில் இத்தகைய பள்ளிகள் எவை என்பதை அறிந்து கொள்வோம். நம் தமிழகத்திலேயே கோடைக்கானலில் ஒன்று உள்ளது. 1901 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட அப்பள்ளி, 1970களில் பல நாட்டவருக்கும் உரிய பள்ளியாக மாறியது. ‘இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்’ எனப்படும் பாடத்திட்டத்தை 1976 ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக அப்பள்ளி மேற்கொண்டது. 1968 இல் ஜெனீவாவில் உருவான பாடத்திட்டம் அது. இறுதி ஈராண்டுகளில் மாணவர் ஆறு பாடங்களைப் பயில வேண்டும். தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, நாலாயிரம் சொற்களுக்கு மிகாமல் ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும். அறிவு என்பது எவ்வாறு பெறப்படுகிறது என்று ஆராயும் தனிப்பாடமும், ஊருக்கு உழைக்கும் பணியும் உண்டு.

மற்றொன்று, புனே நகருக்கு அருகில் 1997 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மஹிந்திரா யுனைடெட் வேர்ல்டு கல்லூரி. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 1962 இல் தொடங்கிய ஓர் இயக்கத்தின் கிளை அது. பதினாறு வயதை எட்டிய மாணவர்கள் ஈராண்டுகள் அங்கே தங்கிப் பயில்கின்றனர். ஒரே அறையில் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் தங்க வைக்கப்படுகின்றனர். போரிட்டுக் கொள்ளும் நாடுகளின் பிள்ளைகளும் ஒரே மேசையில் உணவு உண்ண வேண்டும் என்பது அவ்வியக்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. குடும்பத்தின் வசதியைப் பார்த்து உதவித்தொகை வழங்கும் வழக்கமும் அங்கு உண்டு.

இவற்றைக் கேட்டதும், “இவையெல்லாம் செல்வந்தர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் உரியவை, உப்பளக் கரையில் வாழும் நமக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் எண்ணக்கூடும். பல நாட்டு மாணவர்கள் ஒரே கூரையின் கீழ்த் தங்கிப் பயில்வது என்பது நம்மிடத்தில் மிகப் பழைய வழக்கம். அதன் தொடக்கத்தைக் காண மதீனா மாநகருக்குத்தான் செல்ல வேண்டும்.

திண்ணைத் தோழர்கள்

மஸ்ஜிதுன் நபவியின் ஒரு பகுதியில் நிழற்கூரையிட்ட ஒரு திண்ணை இருந்தது. அதற்கு ‘ஸுஃப்ஃபா’ என்று பெயர். வீடும் உறவும் இல்லாது, கல்வி ஒன்றையே நாடி வந்த ஏழைத் தோழர்கள் அங்கே தங்கினர். யமன் பகுதியின் தவ்ஸ் கோத்திரத்திலிருந்து வந்த அபூஹுரைரா (ரலி) அவர்கள் அவர்களுள் ஒருவர். பெருமானார் (ஸல்) அவர்களின் அவையிலோ அபிசீனியாவின் பிலால் (ரலி), பாரசீகத்தின் ஸல்மான் (ரலி), ரோமானியர் நாட்டில் வளர்ந்த ஸுஹைப் (ரலி) ஆகிய அனைவரும் அரபுத் தோழர்களுடன் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்தனர். இதைவிடச் சிறந்த பன்னாட்டுக் கல்விக்கூடம் ஒன்றை உலகம் கண்டதுண்டா?

அந்த விடுதி வாழ்வு எவ்வாறு இருந்தது என்பதை அபூஹுரைரா (ரலி) அவர்களே அறிவித்துள்ளார்கள். புகாரி ஷரீஃபில் அந்த அறிவிப்பு இடம் பெற்றுள்ளது. பசி தாளாமல் ஒரு நாள் அவர்கள் வழியோரத்தில் அமர்ந்து கொண்டார்கள். அவ்வழியே வந்த பெருந்தோழர்களிடம் குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றி வினவினார்கள். வசனத்தின் பொருளை அறிவது அன்று அவர்களது தேவையாக இருக்கவில்லை. தம் நிலையைக் கண்டு எவரேனும் வீட்டிற்கு அழைத்துச் செல்ல மாட்டார்களா என்பதே உள்ளத்தில் இருந்த எண்ணம். வினவப்பட்டவர்கள் விடை சொல்லிவிட்டுச் சென்றுவிட்டார்கள். பின்னர் பெருமானார் (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைக் கண்டார்கள். புன்னகைத்தார்கள். உள்ளத்தில் இருந்ததைப் புரிந்து கொண்டார்கள்.

வீட்டில் ஒரு கோப்பைப் பால் மட்டுமே இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வருமாறு பணித்தார்கள். அத்தனை பேரும் அருந்தினால் தமக்கு என்ன எஞ்சும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களுக்குக் கவலை. ஆயினும் அனைவரும் வயிறார அருந்தினர். அபூஹுரைரா (ரலி) அவர்களும் இனி இடமில்லை என்னும் அளவு அருந்தினார்கள். எல்லோரும் அருந்திய பின்னர், எஞ்சியதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அருந்தினார்கள்.

இந்நிகழ்ச்சியில் உள்ள பரக்கத்தைப் பற்றி நாம் பலமுறை பயான் செய்துள்ளோம். இன்று மற்றொரு கோணத்தில் நோக்குங்கள். மாணவர் கேட்டது ஒன்று. அவருக்குத் தேவைப்பட்டது வேறொன்று. வாய் கேட்டதற்கு மற்றவர்கள் விடை சொன்னார்கள். முகம் கேட்டதற்கு விடை சொன்னவர் பெருமானார் (ஸல்) அவர்கள். விடுதியில் தங்கும் பிள்ளை, “எனக்கு இங்கே தனிமையாக இருக்கிறது” என்று சொல்ல மாட்டான். “சோறு சரியில்லை” என்பான். “வயிறு வலிக்கிறது” என்பான். தொலைபேசியில் பேச்சின்றி நிற்பான். முகத்தைப் படிக்கும் ஒருவர் அவ்விடத்தில் இருக்க வேண்டும். மாணவர் அனைவரும் உண்ட பின்னர் உண்ணும் ஒருவர் இருக்க வேண்டும். அத்தகையவர் இல்லாத இடத்தில் கட்டடம் எத்தனை மாடிகள் கொண்டிருப்பினும் அது விடுதியாகாது.

இருபது இரவுகள்

மற்றொரு நிகழ்ச்சி. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒத்த வயதுடைய இளைஞர்கள் சிலர் மார்க்கம் பயில மதீனாவுக்கு வந்து இருபது இரவுகள் தங்கினர். அவர்களுக்குத் தம் குடும்பத்தின் மீது ஏக்கம் வந்துவிட்டதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் உணர்ந்து கொண்டார்கள். வீட்டில் யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். பின்னர், வீடு திரும்புங்கள், அவர்களோடு தங்குங்கள், கற்றதை அவர்களுக்குக் கற்பியுங்கள் என்ற கருத்தில் விடை கொடுத்து அனுப்பினார்கள்.

சிந்தியுங்கள். கற்பிப்பவரோ அகிலத்தின் ஆசான்; கற்கும் இடமோ மஸ்ஜிதுன் நபவி. அங்கே இருந்த இளைஞர்களுக்கும் வீட்டு ஏக்கம் வந்தது. அவர்கள் கண்டிக்கப்படவில்லை. கல்வியில் ஆர்வம் குறைந்தவர்கள் என்றோ, மன உறுதி அற்றவர்கள் என்றோ எவரும் அவர்களை ஏசவில்லை. அவ்வாறிருக்க, எட்டு வயதுச் சிறுவன் இரவில் தலையணையில் முகம் புதைத்து அழுதால், அதைப் பலவீனம் என்று சொல்ல நமக்கு ஏது உரிமை?

அஸ்ஹர் முதல் வேலூர் வரை

ஸுஃப்ஃபாவின் வழியிலேயே பிற்கால மதரஸாக்கள் எழுந்தன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 649 இல், பத்தொன்பது வயதை ஒட்டிய இளமையில், நவா என்னும் சிற்றூரிலிருந்து தம் தந்தையாருடன் திமிஷ்க் நகருக்கு வந்தார்கள். ரவாஹிய்யா மதரஸாவில் தங்கி, அங்கு அளிக்கப்பட்ட உணவையே உண்டு பயின்றார்கள். அவர்கள் எழுதிய நூல்களை இன்றளவும் நாம் ஓதி வருகிறோம். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் ஒவ்வொரு நாட்டு மாணவருக்கும் ‘ரிவாக்’ எனப்படும் தனித் தங்குமிடம் இருந்தது. ஜாவாவினருக்கு ஒன்று, மக்ரிபினருக்கு ஒன்று, ஷாம் நாட்டினருக்கு ஒன்று என அமைத்து, வக்ஃபு வருவாயிலிருந்து ரொட்டி வழங்கினர். மாணவர் தம் மொழியினரோடு உறங்கினார். எல்லா நாட்டினரோடும் சேர்ந்து ஓதினார். அறிமுகமற்ற ஊரில் பிள்ளைக்குத் தன் மொழி பேசும் ஒரு மூலையாவது வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நம் தமிழகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) அவர்கள் நிறுவிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவுக்குக் கேரளம், இலங்கை, மலேசியா முதலிய இடங்களிலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்து ஓதியுள்ளனர். லால்பேட்டை மன்பவுல் அன்வார், 1924 இல் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம் ஆகியவையும் பிள்ளைகளைத் தங்க வைத்து வளர்த்த கல்விக்கூடங்களே. ஆலிம்களின் பெயருக்குப் பின்னால் பாகவி, மன்பஈ, உமரி என்றெல்லாம் காண்கிறீர்கள். பிறந்த ஊரின் பெயரையோ தந்தையின் பெயரையோ அவை குறிப்பனவல்ல. தாயைப் பிரிந்து தங்கியிருந்து ஓதிய இடத்தின் பெயரை வாழ்நாள் முழுவதும் சுமந்து செல்கின்றனர் என்றால், விடுதி வாழ்வு ஒருவரை எந்த அளவுக்கு உருவாக்குகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் கண்ட விடுதி

நாம் ஓதிய அரபிக் கல்லூரியிலும் மலையாளம் பேசுவோர், மலாய் பேசுவோர், இலங்கைத் தமிழ் பேசுவோர் எனப் பல நாட்டினர் இருந்தனர். ஸுப்ஹுக்கு முன் எழ வேண்டும். கிணற்றடியில் வரிசை. பாடம் முடிந்த பின்னர் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் பாடத்தைத் திரும்பச் சொல்ல மற்றவர்கள் கேட்டுத் திருத்தும் ‘தக்ரார்’ நடைபெறும். மலாய் மாணவர் ஒருவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கு மலாய் தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது கிதாபின் அரபு மட்டுமே. “உப்பு எங்கே?” என்பதையும் இலக்கணப் பிழையின்றி அரபியில் கேட்டுக் கொண்டோம். புத்தகத்தில் இருந்த மொழி வாய்க்கு வந்தது அவ்வாறுதான். வேற்று நாட்டவருடன் ஒரே அறையில் தங்குவதால் விளையும் நன்மையை அன்று கண்கூடாகக் கண்டோம்.

இலங்கையிலிருந்து வந்த மற்றொரு மாணவரை நாம் மறப்பதற்கில்லை. 1990 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் தஞ்சம் புகுந்தனர். அம்மாணவரின் குடும்பமும் அங்கேதான் ஓலைக் குடிசையில் இருந்தது. ஒரு காலத்தில் சொந்தக் கடை வைத்திருந்த அவர் தந்தை, புத்தளம் உப்பளத்தில் கூலி வேலை செய்தார். ரமளான் விடுமுறை வந்ததும் அனைவரும் பெட்டி கட்டினோம். அவர் மட்டும் கட்டவில்லை. “போவதற்குக் காசில்லை; போனாலும் அது என் ஊரில்லை” என்றார். உடன் பயின்ற ஒருவர் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். பெருநாளன்று அந்த வீட்டுத் தாயார், தம் மகனுக்கு எடுத்த துணியிலேயே அவருக்கும் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாராம். “இனி எனக்கு இந்தியாவில் ஒரு வீடு உண்டு” என்று திரும்பி வந்து சொன்னார். விடுதிப் பிள்ளைக்குக் கல்லூரி அளிக்க இயலாத ஒன்றை ஒரு குடும்பத்தால் அளிக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

உப்புக் கரைப் பிள்ளையின் உள்ளம்

இராமேசுவரத்துச் சிறுவராக இருந்த டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் தங்கிப் பயிலச் சென்றதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் விவரித்துள்ளார்கள். ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் வீட்டு ஏக்கம் வாட்டியது. தாயார் செய்யும் போளியை எண்ணி ஏங்கினார்கள். அனுப்பத் தயங்கிய தாயாரைத் தேற்றி, மகன் வளர வேண்டுமாயின் பிரியத்தான் வேண்டும் என்று உணர்த்தியவர் தந்தை. பிறகு அப்பள்ளியில் அய்யாத்துரை சாலமன் என்னும் ஆசிரியர் அச்சிறுவரின் உள்ளத்தில் நம்பிக்கையை விதைத்தார். அது கிறித்தவப் பள்ளி, ஆசிரியரும் கிறித்தவர். மார்க்கப் பற்றுள்ள தந்தையின் மகன் அங்கே பயின்று, தொழுகையை விடாதவராகவே நாட்டின் குடியரசுத் தலைவர் பதவி வரை உயர்ந்தார். வீட்டில் இட்ட அடித்தளம் உறுதியாக இருந்தது. பள்ளியில் முகத்தைப் படிக்கும் ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். இவ்விரண்டும் சேர்ந்தன.

நம் மரக்காணத்துப் பிள்ளை இத்தகைய பன்னாட்டுப் பள்ளிக்குச் சென்றால் என்ன நேரும்? முதலில் மொழி. வகுப்பில் விடை தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் சொல்லத் தயங்கி அமர்ந்திருப்பான். அடுத்தது உணவு. அதற்கும் அடுத்ததாக வருவது நாணம். உடன் பயில்வோர் விடுமுறையில் எந்த நாட்டுக்குச் சென்றோம் என்று பேசிக் கொள்ளும்போது, “உன் தந்தை என்ன தொழில் செய்கிறார்?” என்று யாரேனும் கேட்பார்கள். உப்பளத்தில் கால் வெடித்து உழைக்கும் தந்தையைப் பற்றிச் சொல்லப் பிள்ளை தயங்குவான். அந்தத் தயக்கம் வேரூன்றிவிட்டால், விடுமுறைக்கு வரும்போது நம் வீடு அவனுக்குச் சிறியதாகத் தோன்றும். நம் பேச்சு கொச்சையாகத் தோன்றும். பிறகு நம் பள்ளிவாசலும் அவ்வாறே தோன்றும். பெற்றோர் அஞ்ச வேண்டியது தூரத்தைக் காட்டிலும் இதையே.

இதற்கு மருந்து யாது? அனுப்புமுன் பிள்ளையை உப்பளத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாறி மாறி, வெயிலில் காய்ந்து முற்றிய பின்னரே உப்பாகப் பூக்கிறது என்பதைக் காட்டுங்கள். அறிவியல் பாடத்தில் ஆவியாதல், படிகமாதல் என்று அவன் படிப்பதைத் தந்தை கையால் செய்து வருகிறார் என்பதை உணர்த்துங்கள். நம் கரையின் உப்பின்றி எத்தனையோ ஊர்களில் உலை இறங்காது. தந்தையின் உழைப்பை மதிக்கக் கற்ற பிள்ளை எந்நாட்டவர் முன்னும் தலை குனியான்.

உவர்நீரைப் பாத்தியில் விட்ட அன்றே எவரும் உப்பு வாருவதில்லை. விடுதிப் பிள்ளையும் அவ்வாறே. முதல் சில வாரங்கள் கலங்கத்தான் செய்வான். அவசரப்பட்டு அழைத்து வருவதும் தவறு. கண்டு கொள்ளாமல் விட்டுவிடுவதும் தவறு.

மூன்று குடும்பங்களுக்கும் நாம் கூறியவை

எட்டு வயதுச் சிறுவனின் தந்தையிடம், “ஹிஃப்ளு செய்வது பெரும்பாக்கியம். ஆனால் நம் பள்ளிவாசல் மக்தபிலேயே இன்னும் ஈராண்டுகள் ஓதட்டும். ஜுஸ்உக்களை இங்கேயே தொடங்கலாம். பின்னர் அவனுடைய விருப்பத்தையும் கேட்டு அனுப்புங்கள்” என்று கூறினோம். அல்ஹம்து லில்லாஹ், அவர் ஏற்றுக் கொண்டார்.

வளைகுடாவிலுள்ள சகோதரருக்குத் தொலைபேசியில் நாம் சொன்னது இதுதான்: சொல் கேளாத பிள்ளையை அனுப்பி வைக்கும் தண்டனைக் கூடமாக விடுதியைக் கருதாதீர்கள். மதரஸாவாயினும் பன்னாட்டுப் பள்ளியாயினும் சரியே. “வீட்டில் வேண்டாதவன் என்பதால் இங்கே விட்டார்கள்” என்னும் எண்ணத்தோடு செல்லும் பிள்ளைக்கு அங்குள்ள நூலகமும் விளையாட்டுத் திடலும் பயன்படா. ஆண்டுக்குப் பல இலட்சம் கட்டணம் செலுத்துவதைவிட, ஒரு முறை விடுப்பெடுத்து வந்து மகனோடு தங்குவது அவனுக்கு மிகுந்த பலன் அளிக்கும்.

மாணவியின் பெற்றோரிடம், “தாயார் கேட்ட வினாவே சரியான வினா. அதை அந்தக் கல்லூரியிடமே கேளுங்கள்” என்றோம். தந்தையும் தாயும் மகளும் மூவருமாக நேரில் சென்றனர். மாணவியர் விடுதிக்குப் பொறுப்பான பெண்மணி யார், இரவில் நோயுற்றால் யாரை எழுப்ப வேண்டும், மருத்துவ அறை எங்கே, தொழுவதற்கு இடம் உண்டா, ரமளானில் ஸஹருக்கு உணவு கிடைக்குமா, இறைச்சி ஹலாலா, இல்லையெனில் சைவ உணவு தனியே உண்டா, வீட்டாருடன் எந்தெந்த நாட்களில் பேசலாம், பயணங்களில் பெற்றோர் வந்து அழைத்துச் செல்ல அனுமதி உண்டா என ஒவ்வொன்றையும் கேட்டறிந்தனர். திரும்பி வந்த தாயார், “கை வைத்துப் பார்க்க ஆள் இருக்கிறது, ஹஜ்ரத்” என்றார். அப்பிள்ளை செல்லவிருக்கிறாள், இன்ஷா அல்லாஹ். மதரஸாவில் சேர்க்கும் பெற்றோரும் இதே வினாக்களைக் கேட்க வேண்டும். மார்க்கக் கல்விக்கூடம் என்பதால் கேட்கக் கூடாது என்பதில்லை. நல்ல நிர்வாகம் இவ்வினாக்களை வரவேற்கும்.

கனமான ஒரு செய்தி

விடுதியில் அடி, துன்புறுத்தல், தகாத செயல் பற்றிப் பிள்ளை ஏதேனும் சொன்னால், “படிக்க மனமின்றிப் பொய் சொல்கிறான்” என்று தள்ளிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். உடனே நேரில் செல்லுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. தம் பொறுப்பிலுள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். நிறுவனத்தின் நற்பெயரைக் காப்பதாக எண்ணி அமானிதமாகிய பிள்ளையைக் கைவிடுவது மார்க்கமன்று. பெயரும் தாடியும் தொப்பியும் எவருக்கும் இதில் விலக்களிக்கா.

மாணவருக்கான சில மஸ்அலாக்கள்

விடுதிக்குச் செல்லும் மாணவர் பலர் நம்மிடம் கேட்பது: கஸ்ராகத் தொழலாமா? பயணத்தின்போது கஸ்ரு உண்டு. விடுதியை அடைந்ததும், ஹனஃபீ மத்ஹபின்படி பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ, ஷாஃபிஈ மத்ஹபின்படி சென்ற நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்களோ தங்கும் எண்ணம் இருந்தால் முழுமையாகவே தொழ வேண்டும். விடுமுறைக்குச் சொந்த ஊர் வந்தாலும் முழுத் தொழுகைதான்.

அடுத்தது ஸகாத். ஏழை மாணவருக்கு ஸகாத் கொடுப்பது கூடும். உழைக்க ஆற்றல் இருந்தும், உழைத்தால் மார்க்கக் கல்வி தடைப்படும் என்ற நிலையிலுள்ள மாணவருக்கு ஸகாத் வழங்கலாம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் தெளிவுபடுத்தியுள்ளார்கள். செல்வந்தரின் பருவமடையாத பிள்ளைக்கு ஸகாத் செல்லாது. தொகையை மாணவருக்கோ, சிறுவராயின் அவரது பொறுப்பாளருக்கோ உரிமையாக்கிக் கொடுத்து, அவர்கள் மூலம் கட்டணம் செலுத்துவது பேணுதலான முறை.

ஜமாஅத்தின் கடமை

மதீனாவின் அன்ஸாரித் தோழர்கள் தம் தோட்டத்துப் பேரீச்சங்குலைகளைக் கொண்டு வந்து, திண்ணைத் தோழர்கள் உண்பதற்காகப் பள்ளிவாசலில் தொங்க விடுவார்கள். சிலர் தரம் குறைந்த குலைகளைக் கொண்டு வந்தபோது, வெறுப்பானதைத் தேர்ந்து தர்மம் செய்யாதீர்கள் என்ற பொருளில் அல்பகரா அத்தியாயத்தின் 267 ஆம் வசனம் அருளப்பட்டதாக அறிவிப்பு உள்ளது. மாணவருக்குக் கொடுப்பதில் எஞ்சியதைக் கொடுக்கலாகாது என்பதே பாடம்.

நம் ஊரின் நிலையை நாம் அறிவோம். ஐப்பசியில் மழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். கார்த்திகையிலும் மார்கழியிலும் உப்பளத்தில் கூலி இல்லை. அம்மாதங்களில் விடுதிக்கு அனுப்ப வேண்டிய தொகைக்காக எத்தனை வீடுகளில் நகை அடகுக் கடைக்குச் செல்கிறது என்பதும், எத்தனை பிள்ளைகள் அதன் காரணமாகவே படிப்பை விட்டுத் திரும்புகிறார்கள் என்பதும் நிர்வாகத்தினர் அறியாததன்று. எனவே நான்கு வேண்டுகோள்களை இச்சபையின் முன் வைக்கிறோம்.

ஒன்று, பைத்துல்மாலில் விடுதி மாணவர்களுக்கெனத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, மழைக்கால மூன்று மாதங்களுக்கு உதவ வேண்டும். மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று அதில் வேறுபாடு காட்ட வேண்டாம்.

இரண்டு, வெளியூரில் தங்கிப் பயிலும் நம் மஹல்லாப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நிர்வாகிகளில் இருவர் நேரில் சென்று பார்த்து வர வேண்டும். மாணவியர் விடுதிக்குத் தாய்மார்கள் இருவர் செல்லலாம்.

மூன்று, விடுமுறைக்கு வரும் பிள்ளைகளைப் பள்ளிவாசலில் அழைத்து அமர்த்தி, அவர்கள் கற்றதைச் சிறுவர்களுக்குச் சொல்லச் செய்ய வேண்டும். வீடு திரும்பிக் கற்பியுங்கள் என்ற நபிவழியும் அதுவே. தம் ஊருக்குத் தாம் தேவைப்படுகிறோம் என்று உணர்ந்த பிள்ளைக்கு ஊர் அந்நியமாகாது.

நான்கு, நம் ஊர்ப் பக்கம் தங்கிப் பயிலும் வெளியூர்ப் பிள்ளைகள் யாராயினும், பெருநாளன்று அவர்களை நம் வீடுகளுக்கு அழைக்க வேண்டும். அவர்களும் யாரோ ஒரு தாய் அனுப்பி வைத்த பிள்ளைகள்தாம்.

பெரியோர்களே! பிள்ளையைப் பேருந்தில் ஏற்றிவிட்டுக் கையசைத்ததும் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அனுப்புவது பாதி, பின்தொடர்ந்து விசாரிப்பதே மறு பாதி. முதல் பாதியைப் பெற்றோர் செய்கின்றனர். மறு பாதியில் பெற்றோருடன் ஜமாஅத்தும் கைகோக்கட்டும்.

யா அல்லாஹ்! கல்வி தேடி வீட்டைப் பிரிந்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் மானத்தையும் காப்பாயாக! அவர்களுடைய தனிமையில் நீயே துணையாக இருப்பாயாக! முகத்தைப் படிக்கும் ஆசிரியர்களை அவர்களுக்கு அருள்வாயாக! கற்ற கல்வியைத் தமக்கும், பெற்றோருக்கும், இவ்வூருக்கும், இந்நாட்டுக்கும் பயனுள்ளதாக ஆக்கி வைப்பாயாக! இக்கரையில் உழைப்போரின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.